தரையைத் தொலைத்த குடியிருப்பு: ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மேர், ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீடில்லாமல் தவித்த லட்சக்கணக்கானவர்களுக்காக ஐரோப்பிய நகரங்கள் வேகவேகமாக அடுக்குமாடிகளை எழுப்பின. இருபது ஆண்டு நிறைவதற்குள் அவற்றில் பல, யாரும் குடிவர விரும்பாத இடங்களாகிவிட்டன. அப்புறம் எழுந்த கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: இடிப்பதா, திருத்துவதா?

ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கில் உள்ள பைல்மர்மேர் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகளைச் சொல்லிப் பார்த்தது. முதலில் அங்கங்கே ஒட்டுப்போட்டார்கள். பிறகு ஏறத்தாழ பாதியை இடித்தார்கள். கடைசியில், இடிக்க முடிவான ஒரு கட்டடத்தை விட்டுவைத்து, அது தரையைத் தொடும் விதத்தை மாற்றினார்கள். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால்தான் கோளாறு எங்கே இருந்தது என்று பிடிபடுகிறது. இதில் சம்பந்தப்பட்ட குடியிருப்போர், அதிகாரிகள், கட்டடக் கலைஞர்கள் யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை. ஊர், கட்டடம், ஆண்டு ஆகியவை மட்டும் உள்ளபடியே.

பின்னணி: புதுநகர் எழுந்த விதம்

போர் முடிந்து இருபது ஆண்டாகியும் நெதர்லாந்தில் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. வீட்டுப் பற்றாக்குறையை ‘மக்களின் முதல் எதிரி’ என்றே அந்நாட்டில் அழைத்தார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் பெற்றோர் வீட்டின் ஒற்றை அறையில் காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம்.

பைல்மர்மேர் ஒரு காலத்தில் ஏரி. 17-ஆம் நூற்றாண்டில் நீரை இறைத்து விளைநிலமாக்கினார்கள். 1966-ல் அது ஆம்ஸ்டர்டாம் எல்லைக்குள் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று முதல் அடித்தளத் தூணை இறக்கினார்கள். 1968 நவம்பர் 25 அன்று ஹோகோர்ட் என்ற கட்டடத்தில் முதல் குடும்பங்கள் பால் காய்ச்சாத குறையாகக் குடியேறின. ஒரு லட்சம் பேருக்கான புதுநகர் என்பதுதான் கனவு.

திட்டமிட்டவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டும் ஈரமும் நெரிசலுமான பழைய சந்துகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில், காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை, குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் ஒரு வண்டிகூட வராத பாதுகாப்பு. இவற்றை மனதார விரும்பித்தான் கோடு போட்டார்கள். பத்து மாடி உயரத்தில் 31 கட்டடங்கள், அவற்றில் சுமார் 13,000 வீடுகள். மேலிருந்து பார்த்தால் தேன்கூடு போல அறுகோண வடிவில் கட்டடங்கள் மடங்கி மடங்கிச் செல்லும். ஒவ்வொரு கூட்டுக்கும் நடுவே பெரிய பூங்கா. கார்கள் ஓடும் சாலைகளைத் தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயர்த்தி, கரைமேல் போட்டார்கள். கீழே நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் மட்டும். வீடுகளும் அந்தக் காலத்துக்கு நல்ல விசாலமானவை.

ஆக, தரை முழுவதும் மனிதருக்கே என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தரையில்தான் பிறகு மனிதர்கள் கால்வைக்கப் பயந்தார்கள்.

கண்ட நிலை: வீட்டுக் கதவு வரை ஒரு நடை

எண்களைச் சொல்லுமுன், வேலை முடிந்து காரில் வீடு திரும்பும் ஒருவரின் பாதையைப் பார்த்துவிடலாம்.

உயர்த்திய சாலையிலிருந்து கார் நேராகப் பல தளங்கள் கொண்ட நிறுத்தக் கூடத்துக்குள் நுழைகிறது. அங்கே வண்டியை விட்டுவிட்டு, கூரை போட்ட நடைபாலம் வழியாகக் கட்டடத்தின் முதல் மாடிக்கு நடக்க வேண்டும். முதல் மாடியில் கட்டடத்தின் நீளத்துக்கும் ஓர் உட்புறத் தாழ்வாரம். ‘உள்தெரு’ என்று அதற்குப் பெயர். பெயரில்தான் தெரு, அதைப் பார்த்தபடி ஒரு வீட்டு வாசலும் இல்லை, கடையும் இல்லை. அதன் வழியே நடந்து மின்தூக்கியைப் பிடித்து, மேலே போய், மறுபடியும் நீண்ட நடைகூடத்தில் பத்துப் பதினைந்து கதவுகளைத் தாண்டினால் சொந்த வீடு. செலவைக் குறைப்பதற்காக மின்தூக்கிகளின் எண்ணிக்கையை வெட்டியதால், ஒவ்வொன்றுக்கும் போகும் தூரம் இன்னும் நீண்டது. கையில் காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருபவருக்கு இந்த நடையில் தெரிந்த முகம் ஒன்றுகூடத் தட்டுப்படாமல் போகலாம். தெரியாத முகம் ஒன்று எதிரே வந்துவிட்டால் ஒதுங்க இடமும் இல்லை.

இப்போது தரைத்தளத்துக்கு வருவோம். கட்டடத்தின் அடியில் வரிசையாகச் சாமான் அறைகள், வீட்டுக்கு ஒன்று வீதம். நானூறு ஐந்நூறு வீடுகள் கொண்ட கட்டடம் என்றால் அத்தனை அறைகள். எனவே பூங்காவில் நடப்பவரின் கண் மட்டத்தில் இருந்தது ஒரே சுவர். சன்னல் இல்லை, விளக்கு இல்லை, சமையல் வாசனை இல்லை, வாசலில் நின்று யாரையாவது கூப்பிடும் குரல் இல்லை. பத்தாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்க்குக் கீழே ஒரு குழந்தை விளையாடுவது தெரியும். அது தன் குழந்தைதானா, அழுகிறதா சிரிக்கிறதா என்பது தெரியாது.

நகரமைப்பில் ‘மனித அளவு’ என்று பேசுவது இதைத்தான். நடந்து போகிறவரின் வேகத்துக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற அளவில் இடம் அமைய வேண்டும். தமிழில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: ஆள் நடமாட்டம். நடமாட்டம் உள்ள தெருவில் இரவிலும் தைரியமாகப் போகிறோம்; காவலர் நிற்பதால் அல்ல, திண்ணையிலோ கடையிலோ யாரோ ஒருவர் இருப்பதால். பைல்மர்மேரின் வரைபடம் நடமாட்டத்தை நான்காகப் பிரித்துவிட்டது. கார் ஒரு மட்டத்தில், கால்நடையாகப் போகிறவர் ஒரு மட்டத்தில், கட்டடத்துக்குள் வருபவர் முதல் மாடியில், வீடுகள் அதற்கும் மேலே. மூன்று மட்டங்களும் பாதி வெறுமையாகவே கிடந்தன. நான்காவதிலிருந்து பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

இதோடு தாமதங்களும் சேர்ந்துகொண்டன. நகர மையத்தை இணைக்கும் மெட்ரோ ரயில் 1977-ல்தான் வந்தது. பெரிய கடைவீதி 1987-ல். முதல் குடும்பம் வந்து அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. திட்டத்தில் இருந்த பொதுக் கூடங்களுக்கும் வசதிகளுக்கும் பணம் ஒதுக்கப்படாமல் அவற்றில் பல காகிதத்திலேயே நின்றுபோயின.

குடிவந்தவர்களும் குடிவராதவர்களும்

யாருக்காகக் கட்டினார்களோ அந்த நடுத்தரக் குடும்பங்கள் வரவில்லை. அதே காலத்தில் அல்மேர, பூர்மரெண்ட், ஹோர்ன் போன்ற ஊர்களில் சிறு தோட்டத்தோடு தனி வாசல் வைத்த வரிசை வீடுகள் கிடைத்தன. பைல்மர்மேரில் வாடகையும் அதிகம். கையில் பணம் இருந்தவர்கள் தோட்ட வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காலியாகக் கிடந்த வீடுகளுக்கு வேறொரு தேவை வந்தது. நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்த சூரிநாம் 1975 நவம்பர் 25 அன்று விடுதலை பெற்றது. அதை ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்து ஏராளமான குடும்பங்கள் நெதர்லாந்துக்கு வந்தன. நகரின் பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்கினார்கள். பைல்மர்மேரிலேயே வீட்டுவசதி நிறுவனங்கள் ஒரு கட்டடத்தில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தன. கதவுகள் பூட்டிக் கிடக்க, தங்களுக்கு மட்டும் இடமில்லை என்றால் எப்படிப் பொறுப்பது? 1974-ல் க்ளிப்ஹூவ என்ற கட்டடத்தின் காலி வீடுகளுக்குள் சூரிநாம் குடும்பங்கள் தாங்களாகவே குடியேறின.

பிறகு கானாவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கானா நாட்டுச் சபைகள் யாரும் பயன்படுத்தாத கார் நிறுத்தக் கூடங்களில் ஞாயிறு ஆராதனை நடத்தின. 1975-லேயே தொடங்கிய ‘க்வாக்கு’ கோடை விழா, கால்பந்துப் போட்டியும் சாப்பாட்டுக் கடைகளும் பாட்டுமாக ஆண்டுக்காண்டு வளர்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை கோணலாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தவர்கள் ‘சேரி’ என்று எழுதிய அதே ஆண்டுகளில் உள்ளே ஒரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்மை. 1980களின் நடுவில் சுமார் நான்கில் ஒரு வீடு காலி. வாடகை வசூல் சரிந்து, வீட்டுவசதி நிறுவனங்கள் திவாலாகும் நிலைக்கு வந்தன. நகர மையத்தின் ஸேடைக் தெருவைக் காவல்துறை சுத்தம் செய்தபோது, போதை வியாபாரமும் அதைத் தேடி வருபவர்களும் கான்சன்ஹூஃப், க்ராயன்நெஸ்ட் மெட்ரோ நிலையங்களின் பக்கம் நகர்ந்தார்கள். உயர்த்திய சாலைக்கு அடியிலும் நிறுத்தக் கூடங்களிலும் யார் கண்ணிலும் படாமல் நிற்க வேண்டிய அளவு இடம் இருந்தது. சாமான் அறைகளை உடைப்பது வாடிக்கையானது.

அந்நாட்களில் பழி பெரும்பாலும் குடிவந்தவர்கள் தலையில் விழுந்தது. இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. வீடுகள் காலியாகக் கிடந்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். இருட்டுத் தாழ்வாரத்தை அவர்கள் வரையவில்லை. இரவில் அதன் வழியே வீட்டுக்கு நடந்தது அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

முதல் முடிவு: நிர்வாகத்தைத் திருத்துவது

1984-ல் பல வீட்டுவசதி நிறுவனங்களின் கட்டடங்களை ஒன்றாக்கி ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பொறுப்பு சிதறிக் கிடப்பதுதான் நோய் என்பது அன்றைய கணிப்பு. வாடகையைக் குறைத்தார்கள். கார் நிறுத்தக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். நீண்ட தாழ்வாரங்களைக் கதவு வைத்துத் துண்டாக்கினார்கள். வெளிச்சுவரை ஒட்டிக் கூடுதல் மின்தூக்கிகள் வந்தன. சாம்பல் நிறக் காங்கிரீட்டுக்கு வர்ணம் வந்தது. காவலாட்களும் வந்தார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் தவறான வேலை இல்லை. ஆனால் எல்லாம் கட்டடத்துக்குள்ளும் கட்டடத்தின் மேலும் நடந்தவை. கீழே சுவர் சுவராகவே நின்றது, சாலை கரைமேலேயே ஓடியது. வீடு காலியாவது சில ஆண்டுகள் குறைந்தது, பிறகு மீண்டும் ஏறியது. 1990களின் தொடக்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: வரைபடத்தையே தொடாமல் இனி ஆகாது.

1992

புதுப்பிக்கும் திட்டம் 1992-ல் உருவாகிக்கொண்டிருந்தது. அக்டோபர் 4, ஞாயிறு மாலை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய சரக்கு விமானம் ஒன்றின் வலப்புற எஞ்சின்கள் இரண்டும் பிய்ந்து விழுந்தன. விமானநிலையத்துக்குத் திரும்ப முயன்ற அந்த போயிங் 747, க்ரூனவேன், க்ளெய்ன் க்ராய்ட்பெர்க் கட்டடங்கள் சேரும் முனையில் மோதியது. 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 39 பேர் வீட்டில், தரையில் இருந்தவர்கள். மாலைச் சமையல் நேரம் அது.

விபத்துக்கும் கட்டட வடிவத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அது இந்த ஊரின் போக்கை மாற்றியது. அதுவரை செய்தித்தாளில் ஒரு ‘பிரச்சினைப் பகுதி’யாக மட்டும் இருந்த இடத்தில் யார் யார் வாழ்கிறார்கள், எந்தெந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று நாடு முழுவதும் அப்போதுதான் பார்த்தது. அங்கே தப்பிப் பிழைத்த ஒரு மரம் இன்றும் நிற்கிறது. ‘எல்லாவற்றையும் பார்த்த மரம்’ என்பது அதன் பெயர். நினைவிடம் அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

பெரிய முடிவு: தரையை மீட்பது

புதுப்பிப்பை மூன்று பக்கமாகப் பிரித்துச் செய்தார்கள்: இட அமைப்பு, மக்களின் வாழ்க்கை (வேலை, கல்வி), அன்றாடப் பராமரிப்பு. முதல் கணக்கின்படி அடுக்குமாடிகளில் கால் பங்கை மட்டும் இடிப்பது. முதல் கட்டத்தின் அனுபவத்தைப் பார்த்தபின், 1990களின் இறுதியில் அது ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. முடிவில் இடிக்கப்பட்டவை சுமார் 6,500 வீடுகள்.

வெளியே செய்தியானது இடிப்பு. என் பார்வையில் ஊரை மாற்றியது அதைவிடச் சாதாரணமான ஒரு வேலை: சாலையைக் கீழே இறக்கியது. பைல்மர்த்ரேஃப் போன்ற முக்கியச் சாலைகளின் பகுதிகளை, கரையை வெட்டித் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதைச் செய்த மறுநாளே பல விஷயங்கள் தாமாக நேராகின. சாலையோரத்தில் கடை வைக்கலாம். பேருந்தில் இறங்குபவர் நேரே நடைபாதையில் கால்வைக்கலாம். காரில் போகிறவரும் நடந்து போகிறவரும் ஒருவரையொருவர் பார்க்கலாம். சாலைக்கு அடியில் இருந்த இருட்டே இல்லாமல் போனது.

சாலையைக் கீழே இறக்கினால் அதோடு ஒட்டியிருந்த நிறுத்தக் கூடங்களும் போக வேண்டியவைதான். பெரும்பாலானவற்றை இடித்து, காரைத் தெருவிலேயே வீட்டெதிரே நிறுத்தவிட்டார்கள். ஒரு காலத்தில் காரைக் கண்ணில் காட்டவே கூடாது என்று நினைத்த ஊர் இது. தெருவோரம் நிற்கும் கார் அழகான காட்சி இல்லை என்பது சரிதான். ஆனால் காரிலிருந்து வாசலுக்கு இருபது அடி நடக்கிறவர், வழியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை. இதை வரைபடத்தில் காட்ட முடியாது.

கான்சன்ஹூஃபில் சாலைக்கு அடியிலும் கூடத்துக்கு அடியிலும் பதுங்கியிருந்த கடைகளை வெளியே, தெருமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடித்த இடங்களில் மூன்று நான்கு மாடிக்கு மேற்படாத வீடுகள் வந்தன. தெருவைப் பார்த்த சொந்த வாசல், பின்னால் சிறு தோட்டம். சில நீண்ட கட்டடங்களை முழுதாக இடிக்காமல், நடுவில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி வழி திறந்தார்கள். எஞ்சிய கட்டடங்களின் தரைத்தளத்திலும் சாமான் அறைகளை நீக்கி, வீடுகளும் வேலையிடங்களும் வைக்கும் முயற்சி நடந்தது. நிறுத்தக் கூடங்களில் கூடிய சபைகளுக்கும் வேறு இடம் வேண்டியிருந்தது. பல சபைகள் சேர்ந்து பயன்படுத்தும் ‘கண்டலார்’ என்ற கட்டடம் 2007-ல் திறக்கப்பட்டது.

யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. திட்டம் தொடங்கியபோது, குடியிருப்போரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். கூட்டங்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களோ ஏறத்தாழ எல்லாரும் வெள்ளையர்கள். 1996-ல் அங்கே வாழ்ந்த கறுப்பின மக்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு இதை நேருக்கு நேர் கேட்டார்கள். எங்கள் ஊரைத் திருத்தப் பணம் வருகிறது, அந்தப் பணத்தில் உருவாகும் வேலையும் பதவியும் முடிவெடுக்கும் உரிமையும் ஏன் எங்களுக்கு வரவில்லை?

முதலில் கசப்பும் வாக்குவாதமும்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பிறகு திட்டத்தின் போக்கு மாறியது. நிர்வாகத்திலும் ஆலோசனைக் குழுக்களிலும் உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். இடிக்கப்படும் வீட்டில் இருந்தவர்களுக்கு இடம்பெயர்வுச் செலவும் புதிய வீடுகளில் முன்னுரிமையும் கிடைத்தன. வேறு பலர், இடிப்பே வேண்டாம் என்றார்கள். மூலத் திட்டத்தின் ஒரு பகுதியையாவது அதன் அறுகோணங்களோடும் மரங்களோடும் காக்க வேண்டும் என்று போராடி, அந்தப் பகுதிக்கு ‘பைல்மர் அருங்காட்சியகம்’ என்று பெயரே வைத்தார்கள். ‘கே’, ‘ஜி’ எழுத்துகளில் பெயர் தொடங்கும் சில கட்டடங்கள் இன்றும் நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

கடைசிக் கட்டடம்

அப்படி நின்றவற்றில் ஒன்று க்ளெய்புர்க். நீளம் சுமார் 400 மீட்டர், வீடுகள் 500. மற்ற கட்டடங்களின் கணக்கு முடிந்தபின் திருத்தப்படாமல் மிஞ்சியது இதுதான். திருத்தும் செலவு கட்டுப்படியாகாது என்று உரிமையாளரான நிறுவனம் இடிக்க முடிவு செய்தது. எதிர்ப்பு கிளம்பவே, திருத்தும் திட்டத்தோடு வருபவருக்குக் கட்டடத்தை ஒரு யூரோவுக்குத் தரத் தயாரானது. ஒரு கூட்டணி முன்வந்தது.

அவர்கள் எடுத்த முதல் முடிவு பணம் சம்பந்தப்பட்டது. கட்டடத்தின் எலும்புக்கூடு, மின்தூக்கி, நடைகூடம், குழாய் இணைப்புகள் ஆகியவற்றை மட்டும் அவர்கள் சரிசெய்வார்கள். உள்ளே சமையலறை, குளியலறை, தடுப்புச்சுவர் எதுவும் இல்லாமல் வெறும் கூடாக வீட்டை விற்பார்கள். மிச்சத்தை வாங்கியவர் தன் கையால், தன் வசதிப்படி கட்டிக்கொள்ள வேண்டும். இதனால் விலை குறைந்தது. சுத்தியலும் கையுமாக மாதக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வேலை செய்தவர்கள், குடிவருமுன்பே ஒருவருக்கொருவர் பழகிவிட்டார்கள்.

இரண்டாவது முடிவுதான் இந்த ஆய்வுக்கு மையம். தரைத்தளத்துச் சாமான் அறைகளை மேலே, மின்தூக்கிகளின் பக்கம் ஏற்றிவிட்டார்கள். காலியான தரைத்தளத்தில் வீடுகளும் வேலையிடங்களும் வந்தன. முதல் மாடியின் ‘உள்தெரு’வும் ஒழிந்தது. கட்டடத்தைக் குறுக்காகக் கடக்கும் வழிகளை இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து, அகலமாக்கி, வெளிச்சம் போட்டார்கள். 1980களில் வெளிச்சுவரில் ஒட்டிய மின்தூக்கிக் கோபுரங்களை எடுத்தார்கள். நடைகூடத்தைப் பார்த்த மூடிய பலகைகளுக்குப் பதில் கண்ணாடி வந்தது. பூசிய வர்ணத்தைச் சுரண்டி, காங்கிரீட்டை அதன் இயல்பு நிறத்துக்கே விட்டார்கள்.

அதே பூங்கா வழியே இப்போது நடந்தால் கண் மட்டத்தில் இருப்பது சன்னல்கள். உள்ளே மேசையில் யாரோ வேலையாக இருக்கிறார்கள், சுவரோரம் மிதிவண்டி சாய்ந்திருக்கிறது, வாசலில் ஒரு பூந்தொட்டி. மேலே கட்டடம் பழைய உயரத்திலேயே, பழைய நீளத்திலேயே நிற்கிறது. வேலை 2016-ல் முடிந்தது. 2017-ல் சமகாலக் கட்டடக்கலைக்கான ஐரோப்பிய ஒன்றியப் பரிசு இதற்குக் கிடைத்தது.

விளைவு

பைல்மர்மேரில் இன்று வீடு காலியாகக் கிடக்கும் பேச்சே இல்லை. குற்றமும் பயமும் 1980களின் நிலையிலிருந்து வெகுவாகத் தணிந்தன. புதிய வீடுகளை வாங்கியவர்களில் கணிசமானோர் அங்கேயே வாடகைக்கு இருந்த, வசதி கூடிய சூரிநாம் குடும்பங்கள். பணம் சேர்ந்தால் ஊரைவிட்டுப் போவது என்ற பழைய வழக்கம் அதனால் மாறியது. ரயில் பாதையின் மறுபக்கம் 1996-ல் வந்த விளையாட்டரங்கும் அலுவலகங்களும் இதற்குக் கைகொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் தெருவை மாற்றியதால் மட்டும் வந்ததில்லை.

இழப்பும் உண்டு. குறைந்த வாடகை வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்வாடகைக்கு இருந்தவர்கள் எந்த முன்னுரிமைப் பட்டியலிலும் இல்லை. கட்டடம் இடிந்தபோது அவர்கள் போன இடத்தை எந்தக் கணக்கும் காட்டாது. முப்பது ஆண்டு வளர்ந்த மரங்கள் பல வெட்டப்பட்டன. புதிய வரிசை வீடுகள் வசதியாக இருந்தாலும் சில தெருக்கள் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவை.

மறுபடியும் செய்தால்

முதலில் மாற்ற வேண்டியது வரிசை. க்ளெய்புர்க் கடைசியாக வந்தது. அது முதலில் வந்திருக்க வேண்டும். 1984-லேயே ஒரே ஒரு கட்டடத்தை எடுத்து, தரைத்தளச் சாமான் அறைகளை மேலே ஏற்றி, கீழே ஆட்களைக் குடிவைத்து, அதன் எதிரே உள்ள சாலையை மட்டும் தரைக்கு இறக்கிப் பார்த்திருந்தால், இடித்த 6,500-ல் எத்தனை தேவையற்றவை என்பது முன்பே தெரிந்திருக்கும். எல்லாமே தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாதிரியான 13,000 வாடகை வீடுகள் ஓரிடத்தில் குவிந்திருந்ததே ஒரு சுமைதான். தனி வாசல் வேண்டும் என்று ஏங்கியவர்களும் நிஜமாகவே இருந்தார்கள்.

அடுத்தது, குடியிருப்போரைக் கேட்கும் நேரம். 1996-ல் எழுந்த கேள்வியை 1992-லேயே திட்டக்காரர்கள் தாங்களாகக் கேட்டிருக்க வேண்டும். அதிலும் பத்திரத்தில் பெயர் இல்லாத உள்வாடகைக்காரர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த பிறகே இடிப்பு இயந்திரம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சிறியது, ஆனால் எல்லாக் குடியிருப்புக்கும் செலவில்லாமல் செய்யக்கூடியது. கட்டடத்தின் கணக்கைப் பார்க்குமுன், அலுவலகத்திலிருந்து ஒருவர் இருட்டிய பிறகு கையில் பையோடு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, பத்தாவது மாடிக் கதவு வரை தனியாக நடந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அவருடைய நடை தானாக வேகமெடுக்கிறதோ, வரைபடத்தில் முதல் குறியை அங்கே போடலாம்.